நக்கீரனின் சங்கு

1994இல் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் இலக்கியக் கூட்டம். விமர்சனத்தின் அறம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் இயக்கக்காரர்கள், மீதிப் பேர் கவிதை எழுதுகிறவர்கள். இரண்டுமாக இருந்தவர்கள் நாலைந்து பேர். நானும் நம்மில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், நக்கீரனில் ஆரம்பித்தேன். அதிகாரத்தின் உச்சத்தில் நிற்பவனிடமே பிழையைப் பிழை என்று சொன்னவன், தமிழ் விமர்சகனின் முதல் மூதாதை என்றெல்லாம். நெற்றிக்கண் வசனத்தைச் சொன்னதும் கைதட்டல். அது எனக்கான கைதட்டல் இல்லை, ஏ.பி. நாகராஜனுக்கானது என்பது அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றோம். உள்ளூர்த் தோழர் ஒருவர், சலூன் வைத்திருப்பவர், மெதுவாகக் கேட்டார்: "தோழர், சாமிகிட்ட தப்பைத் தப்புன்னு சொன்னதைச் சொன்னீங்க, சரி. அதுக்கு முன்னாடி சாமி அவரோட குலத்தொழிலைச் சொல்லி மட்டம் தட்டுதே, அதுக்கு அவரு திருப்பிக் குடுக்கிறாரே, அதை ஏன் விட்டுட்டீங்க?"

விட்டுவிட்டேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. 'திருவிளையாடல்' படத்தைக் குறைந்தது பத்து தடவை பார்த்தவன் நான். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கி வழியாகக் கதைவசனம் கேட்டே பாதிப் படம் மனப்பாடம். அப்படியிருந்தும் என் காதில் விழாத ஒன்று அவர் காதில் விழுந்திருக்கிறது. வெகுசனப் படங்களிலிருந்து நாம் நீதியும் ஆன்மிகமும் எடுக்கிற லட்சணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்ற நினைப்பு அன்று தொடங்கியது. முப்பது வருஷம் தள்ளிப்போட்டாயிற்று.

படம் வந்தது 1965இல். செண்பகப் பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா? தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொற்காசு. இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டை ஏழைப் புலவன் தருமி சபைக்குக் கொண்டுவருகிறான். குறுந்தொகையில் இறையனார் பெயரில் இருக்கும் இரண்டாம் பாட்டு அது. நக்கீரன் பொருட்குற்றம் காண்கிறான், தருமி அழுதுகொண்டு திரும்புகிறான், இறைவனே சபைக்கு வருகிறான். இதில் நக்கீரனாக நடித்தவர் ஏ.பி. நாகராஜனேதான். எழுதி இயக்கியவரே, தான் படைத்த கடவுளோடு சண்டைக்கு நிற்கிற விமர்சகன் வேஷத்தையும் எடுத்துக்கொண்டார். எந்தக் கோட்பாட்டாளனும் கண்டுபிடிக்க வேண்டியிராத சுவாரசியம் இது, திரையிலேயே இருக்கிறது.

வாக்குவாதம் ஏற ஏற, சிவன் தர்க்கத்தை விட்டுவிட்டுச் சாதிக்கு வருகிறான். உடம்பெல்லாம் புழுதி படியச் சங்கு அறுக்கிற நீயா என் பாட்டைச் சோதிப்பது என்கிற தொனியில் ஒரு பழைய செய்யுள். நக்கீரன் தலைகுனியவில்லை. சங்கறுப்பது எங்கள் குலம்தான், உனக்கென்ன குலம் இருக்கிறது? நாங்கள் அறுத்துப் பிழைக்கிறோம், உன்னைப்போல் இரந்து பிழைப்பதில்லை என்று பதிலும் செய்யுளாகவே வருகிறது. தனிப்பாடல் மரபில் கிடந்த இந்தச் சண்டையைச் சினிமா ஊர் ஊராகக் கொண்டுபோனது. பிழைப்பைச் சொல்லி இழிவு செய்தவனிடம், உழைத்துச் சாப்பிடுகிறவன் உழைக்காதவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அதுவும் கடவுளைப் பார்த்து. திராவிட மேடைகள்கூட இத்தனை சுருக்கமாக இதைக் கேட்டதில்லை.

ஆனால் நம் நினைவில் நின்றதோ நெற்றிக்கண் வசனம். பேச்சுப்போட்டி மாணவன் முதல் பத்திரிகையாளன் வரை எல்லோருக்கும் அதுதான் கைமுதல். நக்கீரன் என்ற பெயரே விமர்சனத்தின் மறுபெயராகிவிட்டது. சங்கும் புழுதியும் கழன்றுபோய், சாதியில்லாத, தொழிலில்லாத, சுத்தமான 'அறிவு' ஒன்று மிஞ்சியது. பாடம் எடுப்பது என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: கதையிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, அது எந்த உடம்பிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுவது.

சரி, பிரதி தன்னளவில் என்ன செய்கிறது? நக்கீரன் எரிகிறான். பொற்றாமரையில் விழுகிறான். பிறகு உயிர் வருகிறது, கைகூப்புகிறான். நடந்ததெல்லாம் அவன் தமிழோடு ஆடிய விளையாட்டு என்று இறைவன் சொல்லிவிடுகிறான். இந்த 'விளையாட்டு' என்ற சொல்லில்தான் படத்தின் முழு அரசியலும் இருக்கிறது. எரித்தது உண்மையாக எரித்தது, எதிர்த்தது மட்டும் விளையாட்டாக எதிர்த்தது என்றாகிவிடுகிறது. தாட்சாயணி கதையிலும் இதே. கணவன் சொல்லை மீறித் தகப்பன் வேள்விக்குப் போய்த் திரும்பியவளை அதே நெற்றிக்கண் எரிக்கிறது, பிறகு உயிர் தருகிறது. இன்னொரு கதையில் வேதப் பொருள் கேட்கையில் கவனம் சிதறியதற்காக அவள் மீனவர் குலத்தில் பிறக்கவேண்டியிருக்கிறது. மீனவர் குலம் இங்கே தண்டனை, கவனியுங்கள். இத்தனையையும் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனியில் நிற்கிற பிள்ளைக்கு அந்தத் தாயே கதையாகச் சொல்கிறாள். எரிக்கப்பட்டவளே எரித்ததன் நியாயத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நம் வீடுகளிலும் நீதிபோதனை பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது.

கூந்தல் விஷயம் தனி. அரசியின் கூந்தலில் கிளம்பிய சந்தேகம். சபையில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆண்கள் மோதிக்கொள்கிறார்கள். சாதாரணப் பெண், தேவலோகப் பெண் என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் உமையவள் கூந்தலும் அப்படித்தான் என்றதும் கண் திறந்துவிடுகிறது. தத்துவம் தோற்ற இடத்தில் புருஷன் எழுந்துவிட்டான். சலூன் தோழர் அன்று இதையும் விடவில்லை: "எங்ககிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போமே தோழர், தலைக்குத் தலை ஒரு வாடை."

1965 என்ற வருஷத்தையும் மறக்கக்கூடாது. ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம், ஜூலையில் இந்தப் படம், 1967இல் ஆட்சி மாற்றம். 1952இல் 'பராசக்தி'யில் கோயில் பூசாரியை நோக்கிக் கேள்வி கேட்ட அதே சிவாஜி, பதின்மூன்று வருஷம் கழித்துச் சிவனாக வந்து தமிழ் பேசுகிறார். அடுக்குமொழி, மூச்சுவிடாத வசனம், சபையை வெல்லும் வாதம் எல்லாம் திராவிட மேடை வளர்த்தெடுத்த ஆயுதங்கள். படம் அவற்றை வாங்கிக் கடவுள் கையில் கொடுத்துவிட்டது. மொழிப்பற்று கொதித்த வருஷத்தில், தமிழின் முதல் புலவன் நான்தான் என்று சைவம் வந்து நிற்கிறது. எதிர்க்க வேண்டியவர்களும் கைதட்டினார்கள். தட்டாமல் எப்படி இருக்க முடியும், சும்மா சொல்லக்கூடாது, அந்த வசனம் அப்படி.

இதைப் பார்த்துவிட்டு, எல்லாம் மயக்க மருந்து என்று ஒதுக்குவது நம் பழைய வழக்கம். நான் அதற்குத் தயாராக இல்லை. சினிமாக் கொட்டகைதான் தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் என்று கா. சிவத்தம்பி எழுதினார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல். அதுவரை பொற்றாமரைக் குளம் அவர்களுக்குக் கேள்விப்பட்ட தண்ணீர். இருபத்தாறு வருஷத்தில், ஒரு டிக்கெட்டுக்கு, செட்டில் போட்ட பொற்றாமரை எல்லோர் கண்ணுக்கும் கிடைத்தது. அங்கே தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வெறும் பக்தியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று நான் எந்த உரிமையில் சொல்வேன்? என் தோழர் போன்றவர்கள் எரிப்பதற்கு முந்தைய அந்தச் சில நிமிஷத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார்கள். முடிவு கடவுளுடையது என்றாலும் பதில் நக்கீரனுடையது என்று அவர்கள் பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதைப் பெரிய எதிர்ப்பு வாசிப்பு என்று கொண்டாடிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போவதும் எனக்கு உவப்பில்லை. அந்தப் படத்தில் நாகேஷின் தருமியை நினைத்துப் பாருங்கள். ஜனங்கள் அதிகம் சிரித்ததும் அதிகம் இரங்கியதும் அவனுக்காகத்தான். அடுத்தவன் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்லப் போன பொய்யன், பசிக்காகப் போனவன். நக்கீரனின் அறம் கறாரானது. பசித்தவனை வெறுங்கையோடு அனுப்பிய அறமும் அதுதான். கடவுள் தருமிக்காக வருகிறான், சாதி சொல்லித் திட்டுகிறான். விமர்சகன் சாதிக்குப் பதில் சொல்கிறான், ஏழையை விரட்டுகிறான். யாரிடமிருந்து எந்தப் பாடம்? நம் கூட்டங்களில் உண்மை எது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெறுங்கையோடு வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

சலூன் தோழரை அப்புறம் இரண்டு தடவை பார்த்தேன். ஒருமுறை கடையில் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே, "அந்தப் பேச்சை எழுதிட்டீங்களா?" என்றார். எழுதி, விழா மலரில் அச்சாகியிருந்தது. ஒரு பிரதி கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே முழுக்கப் படித்தார். நல்லா இருக்கு என்றார். நெற்றிக்கண் வசனம் தலைப்பாகவே இருந்தது. சங்கு எங்கேயும் இல்லை.