திருமலைக்குச் சென்ற ராக்கெட்

கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பகுதி வாசகர்கள் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகள் வடக்கு வானில் எழுவதை மொட்டைமாடியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஏவுவதற்கு முன் அவற்றின் சிறு மாதிரிகள் திருமலைக் கோயிலுக்குச் செல்வதையும் செய்திகளில் கண்டிருப்பீர்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுமுன் இஸ்ரோ விஞ்ஞானிகள் அவ்வாறே சென்று வழிபட்டனர்.

"வணங்கினால் என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். ஒரு விஞ்ஞானி தம் சொந்த வாழ்வில் வணங்குவது பற்றி, நாத்திகனான எனக்குப் புகார் இல்லை. ஆனால் பொதுப்பணத்தில் உருவான கலத்தின் மாதிரியை ஏந்திச் சென்றால் அது தனிமனித பக்தியா? அதற்கு உழைத்த பிற மதத்தவரும் மதமற்றவரும் அந்தப் படத்தில் எங்கே?

பலனையும் சோதித்துப் பார்ப்போமே. 2019இல் சந்திரயான்-2க்கு முன்னும் அன்றைய இஸ்ரோ தலைவர் திருமலையில் வழிபட்டார். செப்டம்பர் 7 அன்று விக்ரம் நிலவில் மோதிச் சிதைந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அடுத்த விக்ரம் மெதுவாக இறங்கியது. வழிபாடு இரண்டு முறையும் நடந்தது. ஆகவே வேறுபாட்டின் காரணத்தை வேறிடத்தில்தான் தேடவேண்டும். முதல் முறை எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்தது, பிழைகள் சேர்ந்தன, கலம் விரைந்து திரும்ப மென்பொருள் இடம்தரவில்லை. இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டர்ச் சதுரம்தான். அடுத்த முறை அது 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது; எரிபொருள் கூடியது, கால்கள் வலுப்பெற்றன.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் நம் அரசியல் சட்டத்தில் எழுதியது. விஞ்ஞானிகளும் குடிமக்களே. உங்கள் வகுப்பு நண்பர்களைக் கேளுங்கள்: மாதிரி திருமலைக்குப் போனது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த 500 மீட்டர் ஏன் விரிந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?