கூற்றும் கேட்போரும்: வாழும் வரலாற்று அருங்காட்சியகங்களில் பேசும் உரிமை

ஆய்வுச்சுருக்கம்

கடந்த காலத்தின் ஊரையும் வீட்டையும் தொழிலையும் மீண்டும் அமைத்து, அவற்றினுள் மனிதரை இயங்கச் செய்து காட்டுபவை வாழும் வரலாற்று அருங்காட்சியகங்கள். வீடு, உடை, கருவி ஆகியவற்றின் துல்லியத்தைக் கொண்டே இவற்றின் தரம் பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர் என்னும் இரு உறுப்புகளை அளவுகோலாகக் கொண்டு, அமெரிக்காவின் பிளிமத் பட்டக்செட், காலனிய வில்லியம்ஸ்பர்க், சென்னையை அடுத்த தக்ஷிணசித்ரா ஆகிய மூன்று இடங்களை இக்கட்டுரை திறனாய்கிறது. யார் பேசுகிறார், யாருடைய சொல் பிறர் வழியாக மட்டும் வருகிறது, பார்வையாளர் யாராக நிறுத்தப்படுகிறார் ஆகிய மூன்று வினாக்களுமே இத்தகைய இடங்களின் வரலாற்று நேர்மையைத் தீர்மானிக்கின்றன என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வாழும் வரலாறு, அருங்காட்சியகம், கூற்று, கேட்போர், தொல்காப்பியம், அக்கிரகாரம்

முன்னுரை

1891-இல் ஆர்ட்டுர் ஹசேலியுஸ் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழில்மயத்தால் மறைந்துவந்த நாட்டுப்புற வாழ்வைக் காக்க, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கு நிறுவப்பட்டன. கண்ணாடிப் பேழைக்குள் பொருளைக் காட்டும் முறையிலிருந்து விலகி, பொருள் புழங்கிய சூழலையே காட்டும் முறை இதனால் பரவியது. பின்னர் அமெரிக்காவில், அச்சூழலுக்குள் முற்கால மனிதராகவே வேடமேற்றுப் பேசுவோரும் இடம்பெற்றனர். அருங்காட்சியகம் இவ்வாறு பேசத் தொடங்கியபோது, அதனைத் திறனாயப் பொருளாராய்ச்சி மட்டும் போதாதாயிற்று. பேச்சைப் பற்றிய கோட்பாடும் தேவைப்பட்டது.

கோட்பாட்டு அடிப்படை

செய்யுளியல் வகுக்கும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவையும் அடங்கும். சொல்லுவார் யார், கேட்பார் யார், எங்கே, எப்பொழுது, எதன்பொருட்டு என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஓர் அகப்பாடல் முழுமையாகப் பொருள்படுகிறது. இவற்றுள் களனையும் காலத்தையும் மீட்டுருவாக்குவதில் வாழும் வரலாற்று அருங்காட்சியகங்கள் பெரும் உழைப்பைச் செலுத்துகின்றன. கூற்றும் கேட்போரும் அதே அளவு கவனம் பெறுவதில்லை.

ஈண்டு மற்றொரு விதியும் கருதத்தக்கது. ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன் முதலியோருக்கு அகப்பாடலில் நேரடிக் கூற்று இல்லை. அவர்தம் சொல் பிறரால் கொண்டெடுத்து மொழியப்படும் என்பது தொல்காப்பியரின் கருத்து. இது இலக்கிய மரபு சார்ந்த வரையறை, ஒடுக்குமுறையின் விளைவன்று. ஆயினும் பேசப்படும் இடத்தில் இருந்தும் பேசாதவர் உளர், அவர் சொல் மற்றவர் வாய்வழியே வருகிறது என்பதை ஓர் இலக்கணக் கூறாகவே இனங்காணும் இவ்விதி, ஆவணங்களில் குரல் இழந்தோரைப் பற்றிச் சிந்திக்கக் கூரிய கருவியாகிறது.

பிளிமத்: இருவகைத் தன்மை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1947-இல் தோற்றுவிக்கப்பட்ட பிளிமத் அருங்காட்சியகம், 1620-இல் வந்திறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகளின் ஊரை மீட்டமைத்துள்ளது. 1978 முதல் இவ்வூரில் இருப்போர் பதினேழாம் நூற்றாண்டு மனிதராகவே, 'நான்' எனத் தன்மையில் பேசினர். தம் காலத்துக்குப் பிற்பட்ட எதைக் கேட்டாலும் அறியாதவராகவே விடை கூறுவர்.

அதே வளாகத்தில் அமைந்த வாம்பனோவாக் குடியிருப்பில் முறை வேறு. அங்குள்ள பூர்வகுடியினர் மரபுடை அணிந்து, மரபுத் தொழில் செய்தாலும் முற்கால மனிதராக நடிப்பதில்லை. இன்றைய மனிதராகவே பேசுகின்றனர். முன்னோரைப் படர்க்கையிலும் தம்மைத் தன்மையிலும் குறிப்பிடுகின்றனர்.

இவ்வேறுபாட்டை வெறும் காட்சிமுறை வேறுபாடாகக் கொள்ளல் பொருந்தாது. வேடமேற்ற தன்மைக் கூற்றுக்கு அழுத்தம் உண்டு. ஆனால் பின்விளைவு தெரியாது. 1620-களில் வாழும் குடியேறி, 1675-76-இல் வாம்பனோவாக் மக்களைச் சிதைத்த போரைப் பற்றி எதுவும் கூற இயலாது. அவருடைய அறியாமை நாடக நெறிப்படி சரியானது. வரலாற்று நோக்கில் அவருக்கு வசதியானதும்கூட. குடியேறிகள் ஊர் அமைத்த இடம், 1616-19 ஆண்டுகளின் கொள்ளைநோயால் மக்கள் மாண்டு வெறுமையான பட்டக்செட் என்னும் பூர்வகுடி ஊராகும். அங்கு மாண்டவருக்கு எந்த வேடமும் குரல் தராது. இன்று வாழ்பவர் வேடமின்றிப் பேசும்போதோ, நேர்ந்ததையும் அதன் பின் நேர்ந்தவற்றையும் ஒருங்கே சொல்ல முடிகிறது. 'அவர்கள் இருந்தனர்' என்று கேட்க வந்தவர், 'நாங்கள் இருக்கிறோம்' என்று கேட்டுத் திரும்புகிறார்.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் அது 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரியும். குடியேறிகளின் ஊர், அமெரிக்கத் தேசத் தோற்றக் கதையின் வழியே பார்வையாளரை 'நாம்' என்பதனுள் உளப்படுத்துகிறது. வாம்பனோவாக் குடியிருப்பின் கூற்றோ 'நாங்கள்'. கேட்போர் அங்கு விருந்தினர், உரிமையாளர் அல்லர். 2020-இல் இவ்வருங்காட்சியகம் தன் பெயரிலேயே பட்டக்செட் என்பதைச் சேர்த்துக்கொண்டது. அம்மாற்றத்தின் பொருளை இவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள தொலைவே உணர்த்துகிறது.

வில்லியம்ஸ்பர்க்: கேட்போரின் இடம்

வர்ஜீனியாவின் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க், 1920-களின் பிற்பகுதி முதல் ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவரின் பொருளுதவியால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. அமெரிக்கப் புரட்சிக்கு முன் இந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவருள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். எனினும் மீட்டெடுக்கப்பட்ட நகரம் பல பத்தாண்டுகள் ஆளுநர் மாளிகையையும் தேசத் தலைவர்களையும் முதன்மைப்படுத்தியது. அடிமைகளாக வாழ்ந்தோரைக் கறுப்பினக் கலைஞர்கள் தன்மைக் கூற்றில் காட்டுவது 1979-இல்தான் தொடங்கியது.

1994 அக்டோபர் 10 அன்று அங்கு ஓர் அடிமை ஏலம் நடித்துக் காட்டப்பட்டது. அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுப் பிரிவே இதனைத் திட்டமிட்டது. கிறிஸ்டி கோல்மன் அப்போது அதன் தலைவர். மக்களின் துயரைப் பொழுதுபோக்காக்கும் செயல் என்று குடியுரிமை இயக்கத்தினர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு புறந்தள்ளத்தக்கதன்று. துயரைக் கண்டு கலங்கித் திரும்பும் பார்வையாளர், கலங்கியதையே தம் கடமை முடிந்ததாகக் கருதக்கூடும்.

ஆயினும் அந்நிகழ்வின் ஆற்றல் ஏலத்தில் நிறுத்தப்பட்டோரின் கூற்றில் மட்டும் அமையவில்லை. கேட்போர் நின்ற இடத்திலும் அமைந்தது. ஏலம் காண ஒரு கூட்டம் வேண்டும். அக்கூட்டத்தின் இடத்தில் நின்றவர் பார்வையாளரே. விலை கூறப்படும்போது வாளாவிருந்தவர் என்னும் பாத்திரம், அவர் கேளாமலே அவருக்கு வந்து சேர்ந்தது. மாளிகையைச் சுற்றிப் பார்க்கையில் அவர் விருந்தினர், ஏலத்தில் உடந்தை. கேட்போருக்கும் ஓர் இடமும் பொறுப்பும் உண்டு என்பதை மறைத்துவிடும் மீட்டுருவாக்கம் பாதி மீட்டுருவாக்கமே.

தக்ஷிணசித்ரா: கடக்கப்படும் வாசல்

இவ்வினாக்கள் தமிழ்ச் சூழலுக்கு அயலானவை அல்ல. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் சென்னைக் கைவினை அறக்கட்டளையால் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பெயர்த்துவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, திருநெல்வேலிப் பகுதி அக்கிரகார வீடு ஆகியவை தமிழகப் பகுதியில் உள்ளன. வேடமேற்று முற்காலத்தவராகப் பேசுவது இங்கு அடிப்படை முறையன்று. கைவினைஞர் தம் தொழிலைச் செய்துகாட்டி, தம் குரலிலேயே பேசுகின்றனர். அழிந்திருக்கக்கூடிய வீடுகளைக் காத்ததும், கைவினைஞரைக் காட்சிப்பொருளாக்காது நிகழ்காலத்தவராக நிறுத்தியதும் இதன் சிறப்புகள்.

இங்குச் சிக்கல் கேட்போர் பக்கம் எழுகிறது. நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் எல்லா வீட்டின் வாசலையும் கடக்கலாம். அருங்காட்சியகத்தின் சமத்துவம் இது, போற்றத்தக்கது. ஆனால் அவ்வீடுகள் தத்தம் ஊரில் நின்ற காலத்தில் இந்த நடை இயலாதது. எந்தச் சாதியாரும் பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை என்பதை உறுதிசெய்ய, 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைவது இருக்கட்டும், தெருவில் நடப்பதே வழக்காக இருந்த நிலத்தில், திண்ணை முதல் கொல்லை வரை தடையின்றிச் செல்லும் பார்வையாளரே அக்காட்சியின் மிகப் பெரிய காலவழு.

சுவரும் ஓடும் தூணும் எவ்வளவு மெய்யாயினும் அவை இதனைத் தாமாகச் சொல்லா. ஒரே தெருவில் நடந்துவரும் இருவருள் ஒருவருக்கு அக்கிரகார வீடு நினைவாகவும், மற்றவருக்கு அவர் பாட்டனார் காணக் கிடைக்காத உட்புறமாகவும் இருக்கலாம். கட்டடம் இருவரையும் ஒரே கேட்போராகக் கொள்கிறது. அவரை வேறுபடுத்திய வரலாற்றைச் சொல்ல வேடமோ நடிப்போ வேண்டுவதில்லை. யார் எதுவரை வர இயன்றது என்பதை அந்தந்த வாசலிலேயே அறியச் செய்தல் போதும். வாய்மொழி வரலாற்றிலிருந்தும் தன்வரலாறுகளிலிருந்தும் அச்சொற்களைக் கொண்டெடுத்து மொழிய இயலும்.

முடிவுரை

களனும் காலமும் துல்லியமாக அமைந்துவிட்டால் கடந்த காலம் மீண்டுவிடும் என்னும் நம்பிக்கை போதுமானதன்று. வேடமேற்ற கூற்று நெருக்கம் தருகிறது, பின்விளைவை மறைக்கிறது என்பதைப் பிளிமத் காட்டுகிறது. கேட்போரும் களத்தின் பகுதியே என்பதை வில்லியம்ஸ்பர்க் காட்டுகிறது. கூற்று அமையாத இடத்தில் பார்வையாளரின் தடையற்ற நடையே பழைய தடைகளை மறைத்துவிடக்கூடும் என்பதைத் தக்ஷிணசித்ராவின் அமைப்பு உணர்த்துகிறது.

தமிழகத்தின் பழைய வாழ்விடங்களை மீட்டமைக்கும் முயற்சிகளுக்குக் கட்டடக்கலை வல்லுநரும் தொல்லியலாளரும் இன்றியமையாதவர். கூற்றையும் கேட்போரையும் ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒரு மொழியின் இலக்கணக் கல்விக்கும் அப்பணியில் இடமுண்டு. எழுப்பப்படும் ஒவ்வொரு வீட்டிலும் அங்கு யார் வாழ்ந்தார் என்பதோடு, யார் வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதும் கேட்கப்பட வேண்டும்.