வீட்டுக் கல்வி: ஆய்வுக்குள் வராத வீடுகள்

"மச்சான், வீட்டில படிக்கிற புள்ளைகள்தான் கெட்டிக்காரராம், ஆய்விலயே இருக்கு" என்றார் பெரகலயிலுள்ள என் தங்கச்சியின் கணவர். மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்த அவருக்கு எண்ணம்.

அவர் காட்டியது அமெரிக்கர் பிரையன் ரே 2010இல் வெளியிட்ட ஆய்வு. 11,739 மாணவர்கள், புள்ளிகள் தேசிய சராசரியைவிட வெகு உயர்வு. ஆனால் எல்லோரும் தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்கள். பெற்றோரில் பெரும்பாலோர் பட்டதாரிகள். ரேயோ வீட்டுக் கல்விக்காகப் பரிந்து பேசுபவர். புள்ளிகளை உயர்த்தியது வீட்டுக் கல்வியா, அந்த வீடுகளின் வசதியா? ஆய்வு இதைப் பிரித்துக் காட்டவில்லை.

2020இல் பாடசாலைகள் மூடியபோது நம் மலையிலும் வீட்டில்தானே படித்தார்கள்! ஒரு போன், மூன்று பிள்ளைகள், சிக்னல் தேடி மேட்டுக்கு ஓட்டம். அந்த வீடுகள் ரேயின் அட்டவணையில் எங்கே?

"ஓ.எல். கணக்கு யார் படிச்சுக் குடுக்கிற?" என்று கேட்டேன். தங்கச்சியைப் பார்த்தார் மச்சான்.