அடுப்படிப் புகையும் நமது விமர்சனமும்

குறுந்தொகையின் 167ஆம் பாடல் நமது வகுப்பறைகளில் மிகுதியும் போற்றப்படும் பாடல்களுள் ஒன்று. பாடியவர் கூடலூர் கிழார். மணமாகிச் சென்ற மகள் தன் கையாலேயே கட்டித் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணிற் படிய நின்று புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் சுவைத்துண்டு பாராட்ட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இதனைக் கண்டுவந்த செவிலி, பெற்ற தாய்க்குச் சொல்வதாகப் பாடல் அமைந்திருக்கிறது. இல்லறத்தின் இனிமையையும் சொற்செட்டையும் ரசிகர்கள் இப்பாடலில் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். ஆனால் கண்ணிற் படிந்த அந்தப் புகையை அன்பின் அணிகலனாகக் கொண்டு, அப்பாற் கடந்து சென்றுவிட்டனர்.

குறை புலவருடையது அன்று. அவர் புகையைக் கண்டார், கண்டதைப் பதிவும் செய்தார். பெருந்தலைச் சாத்தனாரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, சமைத்தலையே மறந்த தம் வீட்டு அடுப்பிற் காளான் பூத்திருப்பதைக் குமணனிடம் முறையிட்டார். அது புறநானூற்றின் 164ஆம் பாடல். ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலையை அளக்கும் கருவி அதன் அடுப்பே என்ற உண்மை அக்காலப் புலவர்க்குத் தெரிந்திருந்தது. தெரியாமற் போனது, பாட்டின் நயத்தைப் பிழிந்தெடுத்துப் பாட்டின் வாழ்க்கையைச் சக்கையென ஒதுக்கிய நமது விமர்சன மரபுக்கே.

இந்த மரபுக் குருட்டுத்தன்மை இலக்கியத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கிராமத்து வீடுகளுக்கான எரிபொருள் பற்றி இன்று வெளிவரும் திட்ட விளக்கங்களையும் கைந்நூல்களையும் எடுத்துப் படியுங்கள். அவற்றிலே உயிர்த்திணிவு, உயிர்வாயு, மேம்பட்ட அடுப்பு, புதுப்பிக்கத்தக்க சக்தி என்ற சொற்கள் நிறைந்திருக்கும். சமைக்கும் பெண்ணுக்கு அங்கே வழங்கப்படும் பெயர் 'நுகர்வோர்' என்பது. விறகு பொறுக்குபவள் அவள். அதனை வெட்டி, சுமந்து, உலர்த்தி, மழைக்கு ஒதுக்கி வைப்பவளும் அவளே. எரிபொருளை உற்பத்தி செய்யும் இவ்வுழைப்பாளியை நுகர்வோர் என்று அழைப்பது எத்தகைய நியாயம்? புகையை நுகர்பவள் என்ற பொருளில் மட்டுமே அச்சொல் அவளுக்குப் பொருந்தும்!

அந்த நுகர்ச்சியின் விலை சிறிதன்று. 2020ஆம் ஆண்டில் மட்டும், வீட்டினுள் எரிபொருளால் மாசடைந்த காற்று ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தாயின் இடுப்பிலும் மடியிலும் இருந்து அடுப்பை வேடிக்கை பார்த்த குழந்தைகள் அவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே எந்தத் திட்டத்தையும் நான்கு கேள்விகளால் உரைத்துப் பார்க்கவேண்டும் என்பது எமது கருத்து. எரிபொருள் யாருக்குச் சொந்தம்? அதைச் சுமப்பவர் யார்? புகையை விழுங்குபவர் யார்? எதனை ஏற்பது, எதனை விடுவது என்று முடிவு செய்பவர் யார்? இக்கேள்விகளோடு எமது ஊராகிய விசுவமடுவை நோக்குவோம்.

விசுவமடு குடியேற்றத்தால் உருவான பூமி. காடு வெட்டிக் கழனியாக்கிய வாலிபரும் அவர்தம் குடும்பத்தினரும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்துத் தலைநிமிர்ந்த மண். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில் அந்த விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. அன்று காடு வாசலில் நின்றமையால் விறகு ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. 1990களில் மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டு, ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் படித்த காலத்திலும், வன்னியின் உலைகளைக் கொதிக்க வைத்தது விறகே. 2009 ஜனவரியில் ஊர் முழுவதும் பெயர்ந்தது. மீண்டு வந்தபோது பனையும் தென்னையும் பல இடங்களில் தலையிழந்து நின்றன. காட்டினுள் வெடிபொருள் அச்சம் நிலவியது. பின்னர் காட்டின் எல்லைக் கற்களும் சட்டமும் குறுக்கே வந்தன. போரிலே துணையை இழந்து, குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு விறகுக்கட்டின் தூரம் ஆண்டுதோறும் நீண்டதேயன்றிக் குறையவில்லை.

'விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறுங்கள்' என்று நகரத்து நண்பர்கள் சொல்லலாம். 2021 அக்டோபரின் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டரின் விலை, 2022 ஏப்ரிலில் 4,860 ரூபாவாயிற்று. விலை கொடுக்க முன்வந்தவர்க்கும் பொருள் கிடைக்கவில்லை. தலைநகரிலேயே மக்கள் வெற்றுச் சிலிண்டரோடு நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்நியச் செலாவணியில் தொங்கும் அடுப்பு, செலாவணி அற்றவுடன் அணைந்துவிடும் என்பதை அவ்வாண்டு கற்பித்தது. ஆகவே நமது மண்ணில் விளைவதைக்கொண்டு எரிப்பது என்ற கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. அதன் பெயரால் யாருடைய முதுகில் எதை ஏற்றுகிறார்கள் என்பதே நமது கேள்வி.

முதலில் அடுப்பை எடுத்துக்கொள்வோம். 1980களில் இலங்கை மின்சார சபையும் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் உருவாக்கிய 'அனகி' என்ற மண் அடுப்பு, உண்மையிலே பாராட்டுக்குரியது. குயவர் கையால் ஒரே துண்டாக வனையப்படுவது. ஒரு தீயில் இரண்டு பானைகள் கொதிக்கும். மூன்று கல் அடுப்பை விட விறகைக் கணிசமாக மீதப்படுத்தும். சுற்றிலும் களிமண் கலவை பூசிப் பதித்தால் நீடித்து உழைக்கும். ஆயினும் அதன் வாய்க்குள் நுழையும்படி விறகைச் சிறிதாகப் பிளக்கவேண்டும். அந்தக் கோடரி வேலையை யார் செய்வது? நெல் அவிக்கும் பெரும்பானை அதிலே அமருமா? இவற்றைச் சமைப்பவளிடம் கேளாமல் எண்ணிக்கைக்காக அடுப்பு வழங்கினால் என்ன நேரும் என்பதற்கு அயல் நாடே சான்று. இந்தியாவின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983இல் தொடங்கிக் கோடிக்கணக்கில் அடுப்புகளைப் பரப்பியது. 2002இல் மத்திய அரசு அதனைக் கைவிட்டது. இலக்கு நிறைவேறியது, ஆனால் பல வீடுகளில் அடுப்பு மூலையிற் கிடந்தது.

அடுத்து உயிர்வாயு. சாணத்தைத் தண்ணீரிற் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியிலே புளிக்கவைத்தால் மெதேன் மிகுந்த வாயு பிறக்கிறது. புகையில்லாத நீலச் சுவாலையுடன் எரிகிறது. எஞ்சும் கரைசல் சிறந்த உரம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து கமக்காரனைத் தத்தளிக்க விட்டவர்கள், இத்தகைய தொட்டிகளை முன்கூட்டியே ஊர்தோறும் அமைத்திருந்தால் அவன் ஓரளவாவது மூச்சுவிட்டிருப்பான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பச்சைச் சாணம் தருவது ஏறத்தாழ 0.04 கன மீற்றர் வாயு. ஒரு குடும்பத்தின் நாட் சமையலுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கன மீற்றர் வேண்டும். அதாவது 25 முதல் 40 கிலோ வரை சாணம், அதே அளவு தண்ணீர். வன்னி மாடு பகலெல்லாம் மேய்ச்சலில் நிற்பது. பட்டியிலே கிடைப்பது இரவுச் சாணம் மட்டுமே. எனவே நான்கைந்து மாடு உள்ளவனுக்கே தொட்டி பயன்படும். கூலிக்கு நாற்று நடப் போகும் பெண்ணுக்கு மாடு எங்கே? ஆவணி வெயிலிலே கிணற்றின் அடியிலிருந்து நாளொன்றுக்கு இத்தனை வாளி தண்ணீர் அள்ளுபவர் யார்? மானியம் மாட்டைப் பின்தொடர்ந்து போகிறது என்றால், அது உடையவனுக்கே மேலும் உடைமை சேர்க்கும் திட்டம் என்பது வெள்ளிடைமலை.

வைக்கோலைக்கொண்டு வாயு எடுக்கும் உலர் முறையைத் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வகுத்திருக்கிறது. ஒருமுறை நிரப்பினால் பல மாதங்கள் எரியும் முறை அது. அறுவடை முடிந்ததும் வயலிலே வைக்கோலுக்குத் தீ மூட்டும் நமது பிரதேசத்துக்கு இது பொருத்தமானதே. நிரப்புவதும் வெறுமையாக்குவதும் கடும் உழைப்பாதலின், தனி வீட்டுக்கன்றிச் சங்கமாகச் சேர்ந்த சில வீடுகளுக்கே அது உகந்தது. உமியின் கதையோ வேறு. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. உமியை இறுக அடைத்து எரிக்கும் எளிய அடுப்பு நமது பெண்களுக்குப் புதியதன்று. ஆயினும் உமி குப்பையாக இருக்கும்வரையே ஏழைக்குச் சொந்தம். செங்கற் சூளையும் கோழிப் பண்ணையும் அதற்கு விலை வைத்த மறுநாளே ஆலை வாசலில் தராசு வந்துவிடுகிறது. கழிவு பண்டமாகும்போது அதிலே வாழ்ந்தவர் வெளியே தள்ளப்படுகின்றனர்.

இறுதியாக நமது வேலிக்கு வருவோம். பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியாலாக நட்டு வளவைக் காத்தது நமது பழைய வழக்கம். சீமைக்கிளுவை வெட்ட வெட்டத் தழைப்பது. குழை ஆட்டுக்குத் தீனி, நிலத்துக்குப் பசளை, தடி அடுப்புக்கு. 2005இல் இதனை நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆலைக் கொதிகலனும் மின்நிலையமும் அதனால் விறகு பெறலாம். நன்று. ஆனால் அடுப்படிக்கு அதிலே பங்கு என்ன? சதுரமான ஓர் ஏக்கர் வளவின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. அடிக்கொரு கதியால் நட்டால் எண்ணூறுக்கு மேற்பட்ட மரங்கள் வாசலிலே நிற்கும். கோடையிலே வெட்டி உலர்த்தி மாரிக்கு முன் அடுக்கினால் விறகுக்காகக் காடு நோக்கி நடக்கும் நடை பெருமளவு குறையும். நன்கு உலர்ந்த விறகும், புகைபோக்கியுள்ள குசினியும், நல்ல மண் அடுப்பும் சேர்ந்தால் புகையும் தணியும். இதற்குச் செலாவணி வேண்டா, மாடும் வேண்டா. வேண்டுவது காணி உறுதி ஒன்றே. தன் பெயரில் நிலமில்லாதவள் அடுத்த ஆண்டு வெட்டுவதற்காக மரம் நடமாட்டாள். போருக்குப் பின் வேலி இருந்த இடத்தில் முட்கம்பியும் மதிலும் எழுகின்றன. அதனை நாகரிக வளர்ச்சி என்று நாம் மெச்சுகிறோம். அங்கே வேலியோடு ஒரு விறகுத் தோட்டமும் போய்விட்டதை எவரும் கணக்கெடுப்பதில்லை.

ஆகவே தனியொரு கருவி நம்மைக் கரைசேர்க்கும் என்பது மாயை. மாடுள்ள வீட்டுக்குத் தொட்டியும், வயலோரத்துச் சங்கத்துக்கு வைக்கோல் வாயுவும், நிலமுள்ள எளியவளுக்கு வேலியும் மண் அடுப்பும் என இடமறிந்து வகுப்பதே விஞ்ஞானம். நிலமற்றவளுக்குக் காணி உறுதி கொடுப்பதும் சக்தித் திட்டத்தின் பகுதியே. இவற்றையெல்லாம் வகுக்கும் கூட்டத்திலே அடுப்பு மூட்டுபவள் முன்வரிசையில் இருந்தாகவேண்டும்.

இலக்கியக்காரர்க்கு இதிலே என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'காட்டாறு'ம் வன்னியின் காட்டையும் கமக்காரனையும் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தன. காட்டிலிருந்து அடுப்படிவரையுள்ள பாதை இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியிருக்கிறது. ஆசிரிய நண்பர்கள் குறுந்தொகையைக் கற்பிக்கும் பொழுது, அந்தப் பெண்ணின் கண்ணிற் படிந்த புகை எந்த விறகிலிருந்து வந்தது, அதனைக் கொணர்ந்தவர் யார் என்று ஒரு முறை மாணவரைக் கேட்கட்டும். விடை தேடி அவர்கள் தத்தம் வீட்டுக் குசினிக்குள் நுழைவார்கள். நல்ல விமர்சனம் தொடங்குவது அங்கேதான்.