வேட்டைக்கேற்ற குழல்: பிரிட்டிஷ் துப்பாக்கி மரபு

பிரிட்டிஷ் வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. பறக்கும் பறவைக்கும் ஓடும் முயலுக்கும் உட்புறம் வழவழப்பான ரவைத் துப்பாக்கி. மானுக்கும் அதைவிடப் பெரிய விலங்குக்கும் உட்புறம் திருகுவரி வெட்டிய ரைஃபிள். முன்னது ரவைகளை விரித்து வீசும். பின்னது ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்தும். எந்த விலங்கு, எவ்வளவு தொலைவு, அது நிற்கிறதா விரைகிறதா என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் இந்த மரபில் துப்பாக்கியின் வலிமை பற்றிய பேச்சே எழும்.

ரவைத் துப்பாக்கியின் அளவு தலைகீழ்க் கணக்கில் சொல்லப்படுகிறது. குழலுக்குள் சரியாக அடங்கும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை தேறுமோ அதுவே அதன் ‘போர்’ எண். ஆகவே 20 போரைவிட 12 போர் பெரியது. .410 மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அது அங்குலத்தில் சொல்லும் விட்டம்.

இதில் லண்டன், பர்மிங்காம் என்று இரண்டு பள்ளிகள் உண்டு. லண்டனில் துப்பாக்கிக் கம்மியர் ஜோசப் மேன்டனின் பட்டறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டே 1814இல் தனிக்கடை கண்டார். அவர் பெயரால் நடந்த நிறுவனத்துக்கு ஃப்ரெடெரிக் பீஸ்லி 1880இல் வடிவமைத்துத் தந்த விசையமைப்பு, பூட்டைத் தளர்த்தியதும் குழலைத் தானே திறந்துகொடுக்கும். ஆட்கள் விரட்டிவிடும் பறவைகள் கூட்டமாகத் தலைக்கு மேல் பறந்து வரும்போது, தோட்டா மாற்ற ஆகும் ஒரு நொடிகூட அங்கே பெரிது. பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சன், டீலி இருவரும் 1875இல் கண்ட ‘பாக்ஸ்லாக்’ அமைப்பு வேறு வகை: உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு, முரட்டுக் கையாளலைத் தாங்கும். அழகுக்கு லண்டனைப் புகழ்வோர் அதிகம். உலகெங்கும் பரவியதென்னவோ பர்மிங்காம் வழிதான்.

ரவைத் துப்பாக்கியை யாரும் நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதில்லை. தோளில் ஏறிய கணத்தில் குழல் பார்வையோடு ஒன்ற வேண்டும். அதனால் கட்டையின் நீளம், வளைவு, பக்கச் சாய்வு ஆகிய மூன்றும் சுடுபவரின் கைக்கும் கழுத்துக்கும் ஏற்ப அளந்து செதுக்கப்படுகின்றன. எடைக்குத் துப்பாக்கிக் கம்மியர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் சொன்ன விதி இன்றும் வழங்குகிறது: தோட்டாவிலுள்ள ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் ரவைக்கு 6 பவுண்டு. அதற்குக் குறைந்தால் உதைப்பைத் தோள் தாங்காது. நாள் முழுதும் மேடுபள்ளம் நடப்பவர் 20 போரை நாடுவார். கடலோரச் சதுப்பில் வாத்துக்காகக் காத்திருப்பவருக்குப் பெரிய ரவையும் வாய் ஒடுங்கிய குழலும் வேண்டும்.

ரைஃபிள்களின் கதை இலங்கைக் காடுகளையும் தொடுகிறது. அங்கே யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் இருந்த 4 போர் ரைஃபிள், பிரிஸ்டலின் கிப்ஸ் நிறுவனம் செய்தது. எடை 21 பவுண்டு. கரிமருந்து குண்டுக்குத் தரும் வேகம் குறைவு. அந்தக் குறையை ஈயத்தின் கனத்தால் ஈடுகட்ட வேண்டியிருந்தது. கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்ததும் அது மாறியது. 1898இல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 ரைஃபிள், அந்தப் பழைய பூதங்களை ஓய்வுக்கு அனுப்பியது. ஆனால் அதன் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்களிடமிருந்த அதே அளவு மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்று அஞ்சி, 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 தடுக்கப்பட்டது. .465, .470 போன்ற அளவுகள் பெருகியதற்கு வேட்டையைவிட இந்த ஆணையே பெரிய காரணம்.

புதர்க்காட்டில் பாய்ந்து வரும் விலங்கை எதிர்கொள்ள இரட்டைக்குழல் ரைஃபிளே இந்த மரபின் விடை. இரண்டு குழலுக்கும் தனித்தனி விசை என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது வெடிக்கும். இதற்கு மறுதரப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில் ‘கரமோஜோ’ பெல் .275 போன்ற சிறு குழல்களால் யானைகளை வீழ்த்தினார். விலங்கின் உடற்கூறு தெரிந்து சுட்டதே அவர் பலம். இந்தியாவில் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் .275 ரிக்பிதான். அந்தப் புலியைச் சுட்டு முடித்ததோ தாசில்தாரிடம் கடன் வாங்கிய ரவைத் துப்பாக்கி! சேலம் மாவட்டக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது அமெரிக்கத் தயாரிப்பான .405 வின்செஸ்டர். இந்த மரபுக்கு இந்தியாவில் இருந்த இடம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது.

பிரிட்டனில் மான் வேட்டைக்கான அளவைச் சட்டமே வகுத்திருக்கிறது. இங்கிலாந்தில் பெரிய மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த குழலோ, குழல்வாயில் 1,700 அடி-பவுண்டுக்குக் குறைந்த ஆற்றலோ கூடாது. விலங்கு காயத்தோடு தப்பிப்போய் வதைபடக் கூடாது என்பதே நோக்கம். எந்தத் துப்பாக்கிக்கும், குழல் தாங்குமா என்று பார்க்கும் சோதனைச் சாலையின் முத்திரை வேண்டும். லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் சாசனம் பெற்றது 1637இல், பர்மிங்காம் சோதனைச் சாலை எழுந்தது 1813இல். கரிமருந்துக்கு மட்டும் முத்திரை பெற்ற பழங்குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடிக்கலாம். நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை இங்கிலாந்தில் 1999இல் தடைசெய்யப்பட்ட பிறகு எஃகு ரவை புழங்குகிறது. அது ஈயம்போல் நெகிழாது; வாய் மிக ஒடுங்கிய பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகாது.