சில துளிப் பெற்றோல்

கடுங்குளிரில் எரிபொருள் ஆவியாகத் தயங்குவதால் பனிநாட்டு வாகனங்கள் இயங்க மறுக்கும் அதே இடர்ப்பாடு, 1990களின் முற்பாதியில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகி, வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்தில் வெயிற்காலத்திலும் தோன்றியது; மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாததால், ஆறிய இயந்திரத்தில் பொறி விழுந்தும் தீப்பற்றாது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் உறுப்பான காபரேற்றருக்குள் சில துளிப் பெற்றோலைச் செலுத்தி இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது அன்றைய வழக்கம். அப்போதும் இயங்காவிடின், பொறியை உண்டாக்கும் பிளக்கைக் கழற்றி, அது நனைந்திருந்தால் எரிபொருள் வந்தும் பற்றவில்லை என்றும், உலர்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை என்றும், கரி படிந்திருந்தால் பொறி வலுவிழந்தது என்றும் பகுத்தறிந்த திருத்துநர்களின் கைத்திறனே, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களை வீதியில் நிலைக்கச் செய்த உயர்ந்த தொழில்நுட்ப அறிவாகும்.