டெரி பிராட்செட்டின் படைப்புலகில் பயணம், நூல், விளையாட்டு, நினைவேக்கம்: மீள்வருகை என்னும் அளவுகோல்

ஆய்வுச்சுருக்கம்

மிகுபுனைவு இலக்கியம் வாழ்க்கையிலிருந்து தப்பிக்கும் வழி என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாக முன்வைக்கப்படுகிறது. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் (1948–2015) படைப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் பயணம், நூல், விளையாட்டு, நினைவேக்கம் ஆகிய நான்கும் மேலோட்டமாக நோக்கின் தப்பித்தலின் வடிவங்களே. ஆயினும் அவை ஒவ்வொன்றையும் அவர் பொறுப்புடன் திரும்பி வருதல் என்னும் அளவுகோல் கொண்டு மதிப்பிடுகிறார். இக்கட்டுரை இதனை நிறுவ முயல்கிறது. அவ்வளவுகோலுக்கு அவரே பொருந்தாது போகும் இடத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, டெரி பிராட்செட், பயணம், கணினி விளையாட்டு, நினைவேக்கம், மீள்வருகை

முன்னுரை

பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்டு' வரிசை 1983 முதல் 2015 வரை 41 புதினங்களாக விரிந்தது. அவருடைய கட்டுரைகளும் உரைகளும் 'எ ஸ்லிப் ஆஃப் தி கீபோர்ட்' என்னும் தொகுப்பாக 2014இல் வெளிவந்தன. மிகுபுனைவை அவர் உடற்பயிற்சி மிதிவண்டிக்கு ஒப்பிட்டதுண்டு. அம்மிதிவண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. ஆயின் மிதிப்பவரின் கால்களுக்கு வலுவேற்றும். இவ்வுவமை ஒரு வினாவை எழுப்புகிறது. வலுப்பெற்ற கால்கள் எங்கே செல்ல வேண்டும்? இவ்வினாவிற்கான விடையை மேற்கூறிய நான்கு களங்களிலும் காணலாம்.

பயணம்: காண்போனின் கடன்

'தி கலர் ஆஃப் மேஜிக்' (1983) புதினத்தில் டூஃப்ளவர் என்பவன் அங்க்-மோர்போர்க் நகருக்கு முதல் சுற்றுலாப் பயணியாக வருகிறான். உள்ளிருக்கும் குட்டிப் பூதம் படம் வரைந்து தரும் பெட்டியொன்று அவனிடம் இருக்கிறது. வீரர்களையும் சண்டைகளையும் நேரில் காண்பதே அவனது வேட்கை. தான் வெறும் பார்வையாளன், ஆதலால் தனக்கு எதுவும் நேராது என்பது அவனது நம்பிக்கை. ஆனால் அவன் விடுதிக்காரனுக்குக் காப்பீட்டை விளக்கிச் சொன்னதன் விளைவாக விடுதி தீக்கிரையாகிறது. நெருப்பு நகரெங்கும் பரவுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவனும் நிகழ்வுகளில் பங்குடையவனே என்பதை நகைச்சுவையின் வழி ஆசிரியர் உணர்த்துகிறார்.

'இன்ட்ரஸ்டிங் டைம்ஸ்' (1994) இக்கருத்தை மேலும் வளர்க்கிறது. நாடு திரும்பிய டூஃப்ளவர் தன் விடுமுறையைப் பற்றி எழுதிய எளிய குறிப்பு, கொடுங்கோலாட்சிக்கு எதிரான கிளர்ச்சியாளர்களின் கைகளில் புரட்சி நூலாக மாறுகிறது. வேறுவகையாகவும் வாழ முடியும் என்னும் செய்தியை மக்கள் அதில் படித்துக்கொள்கின்றனர். பயணத்தின் பயன் சென்ற இடத்தில் அன்றித் திரும்பிய இடத்தில் விளைகிறது.

எனினும் இப்புதினமே ஆசிரியரின் குறைபாட்டையும் வெளிக்காட்டுகிறது. அகேட்டியப் பேரரசு என்னும் அந்நாடு, சீனா, சப்பான் ஆகியவை பற்றி மேற்குலகில் வழங்கிவந்த ஆயத்தப் படிமங்களை ஒட்டுப்போட்டு அமைத்த நாடாகவே உள்ளது. அங்க்-மோர்போர்க்கின் தெருவோர வணிகனுக்கும் பிச்சைக்காரனுக்கும் கிடைக்கும் தனித்தன்மை அந்நாட்டு மக்களுள் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. படப்பெட்டியோடு வந்த டூஃப்ளவரை நகையாடிய ஆசிரியர், இங்கே தாமே அப்பெட்டியை ஏந்தி நிற்கிறார்.

நூல்: திருப்பித் தரப்பட வேண்டியது

சிறுவனாகப் பீக்கன்ஸ்ஃபீல்டு பொது நூலகத்தில் சனிக்கிழமைகளில் உதவியாளராகப் பணியாற்றிய பிராட்செட், தம் கல்வி அந்நூலகத்திலேயே அமைந்தது எனக் கருதினார். அந்த நன்றியுணர்வின் புனைவு வடிவமே மாயப் பல்கலைக்கழகத்தின் நூலகர். மந்திர விபத்தில் ஒராங்குட்டானாக மாறிய அவர் மீண்டும் மனிதராக விரும்புவதில்லை. எல்லா நூலகங்களும் 'எல்-வெளி' என்னும் பரப்பில் ஒன்றோடொன்று இணைந்துள்ளன என்பது இவ்வுலகின் கற்பனை. 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) புதினத்தில் நூலகர் அப்பரப்பின் வழியே கடந்த காலத்திற்குச் சென்று, நூல் திருடியவனை அறிந்து மீள்கிறார்.

அவ்வெளியில் நடமாடும் நூலகர்களுக்கு மூன்று விதிகள் உண்டு: அமைதி காத்தல், உரிய நாளுக்குள் நூலைத் திருப்புதல், காரண காரியத் தொடரில் தலையிடாமை. முதல் இரண்டும் எந்த நூலகத்திலும் தொங்கும் அறிவிப்புகள். மூன்றாவது அண்டத்தின் ஒழுங்கு. இவற்றை ஒரே பட்டியலில் வைப்பது நகைப்பிற்காக மட்டுமன்று. வாசிப்பு என்பது இரவல். இரவல் பெற்றதைக் குலைக்காமல் திருப்புவது வாசகனின் கடமை என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது.

விளையாட்டு: எதிரியை வீடு சேர்த்தல்

'ஒன்லி யூ கேன் சேவ் மேன்கைண்ட்' (1992) வளைகுடாப் போரைப் பின்புலமாகக் கொண்டது. ஜானி மேக்ஸ்வெல் என்னும் சிறுவன் கணினி விளையாட்டில் எதிரிக் கப்பல்களைச் சுடும்போது, அவை சரணடைவதாக அறிவிக்கின்றன. அவற்றை எல்லை வரை பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவன்மேல் விழுகிறது. தொலைக்காட்சியிலோ உண்மைப் போர் விளையாட்டைப் போலக் காட்டப்படுகிறது. விளையாட்டு உண்மையாவதும் உண்மை விளையாட்டாவதும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. ஆசிரியரின் கண்டனம் விளையாட்டின் மீதன்று. திரைக்கு அப்பால் உயிர் உண்டு என்பதை மறக்கும் பார்வையின் மீதே.

பிராட்செட் தாமும் கணினி விளையாட்டுகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். தமக்கு ஆல்சைமர் நோயின் அரிய வகையொன்று உள்ளதை 2007 டிசம்பரில் அவர் அறிவித்தார். 'ஒப்ளிவியன்' விளையாட்டிற்கு ரசிகர் ஒருவர் உருவாக்கிய வில்யா என்னும் துணைப்பாத்திரத்திற்கு அவர் உரையாடல்கள் எழுதித் தந்தார். நோயினால் நிலவறைகளில் வழி காண்பது அவருக்கு அரிதானபோது, அப்பாத்திரம் வழிகாட்டி வெளியே அழைத்துவரும் வசதி சேர்க்கப்பட்டது. எதிரிகளை வீடு சேர்க்கும் சிறுவனைப் படைத்தவருக்கு விளையாட்டே ஒரு துணையை அளித்தது.

நினைவேக்கம்: கடந்ததை விட்டு வருதல்

'நைட் வாட்ச்' (2002) புதினத்தில் காவல் தளபதி சாமுவேல் வைம்ஸ், கொலையாளி ஒருவனைத் துரத்துகையில் முப்பது ஆண்டுகள் பின்னோக்கி எறியப்படுகிறார். தம் ஆசான் ஜான் கீலின் பெயரை ஏற்று, இளைஞனான தமக்கே பயிற்சியளிக்க நேர்கிறது. இளமைக்காலத் தெருக்களும் தோழர்களும் மீண்டும் கிடைத்தும் அவர் மகிழ்வதில்லை. அவர்களுள் யார் யார் சாகப்போகின்றனர் என்பதை அவர் அறிவார். நிகழ்காலத்திலோ அவருடைய மனைவி பேறுகால வேதனையில் இருக்கிறார். கடந்த காலத்தைத் திருத்தும் ஆசைக்கும் திரும்ப வேண்டிய கடமைக்கும் இடையிலான போராட்டமே கதையின் உயிர்நாடி. இறுதியில் தோழர்களின் கல்லறைகளுக்கிடையே கொலையாளியைப் பிடிக்கும்போதும், அவனைக் கொல்லாமல் சட்டத்திடமே அவர் ஒப்படைக்கிறார்.

போராட்டத்தில் பங்கேற்றோர் ஆண்டுதோறும் லைலாக் மலரைச் சூடுகின்றனர். அம்மலர் இழந்த பொற்காலத்தின் சின்னமன்று. இறந்தோர்க்குச் செலுத்தும் கடன். நினைவேக்கத்தின் இனிமையை நீக்கி அதன் கடப்பாட்டை மட்டும் நிறுத்துவதில் இப்புதினம் வரிசையின் உச்சமாகிறது.

முடிவுரை

பயணி கண்டதை ஊருக்குக் கொண்டுவருகிறான். நூலகர் நூலைத் திருப்புகிறார். ஜானி எதிரிகளை எல்லை சேர்க்கிறான். வைம்ஸ் பிறக்கவிருக்கும் குழந்தையிடம் திரும்புகிறார். நான்கிலும் வெளியேறுதல் குற்றமாகக் கருதப்படவில்லை, திரும்பாமையே குற்றமாகிறது. அகேட்டியப் பேரரசின் சித்திரிப்பு இவ்வளவுகோலைத் தகர்ப்பதில்லை. அதைக் கொண்டே அக்குறையை அளந்தறிய முடிகிறது. எனவே மிகுபுனைவைத் தப்பித்தல் என ஒதுக்கும் திறனாய்வு, படைப்பு வாசகனை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்கிறது என்பதோடு நின்றுவிடலாகாது. எத்தகையவனாக அவனைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.